காலேஜ் பீஸுக்கு உதவித்தொகை: கொங்கு நாட்டுப் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிளஸ் டூ பரீட்சை முடிந்தால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். எந்தக் காலேஜ், பஸ் ஊருக்குள்ளே வருமா, பீஸ் எவ்வளவு? உதவித்தொகை பற்றிய விசாரிப்பு ஜூலை, ஆகஸ்டில் வரும். அதற்குள் பாதி வாய்ப்பு கைவிட்டுப் போயிருக்கும். தமிழ்நாட்டில் பெரிய உதவிகள் பலவும் பிள்ளை எந்த வழியில் சீட் வாங்கியது என்பதைப் பொறுத்தே கிடைக்கின்றன. அதனால் முதல் கேள்வி சீட்டைப் பற்றியது.

ஏனுங்க, காலேஜ்காரங்க ஊட்டுக்கே வந்து "இப்பவே பத்தாயிரம் கட்டுங்க, சீட் உறுதி, பீஸ்லயும் தள்ளுபடி"ங்கறாங்க. கட்டிப் போடலாமுங்களா?

இன்ஜினியரிங் என்றால் கட்டாதீர்கள். மார்க் வரிசையில் அரசு சீட் ஒதுக்கும் கவுன்சலிங் முடியட்டும்.

அட்வான்ஸ் கட்டிப் போடுகிற சீட் பெரும்பாலும் கல்லூரி தானே நேராகக் கொடுக்கும் நிர்வாக ஒதுக்கீட்டு சீட். அதில் சேர்ந்தால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை கிடையாது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. பத்தாவதுக்கு மேல் படிக்கும் எஸ்.சி., எஸ்.டி. மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கிடையாது. கல்விக்கடன் கேட்கும்போதும் மேனேஜர் அந்த சீட்டை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார். கேன்வாஸ் செய்ய வருகிறவர் இதில் ஒன்றையும் சொல்ல மாட்டார். அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன்.

கணக்குப் போட்டே பாருங்கள். சுயநிதிக் கல்லூரியில் கவுன்சலிங் வழியாகச் சேரும் முதல் பட்டதாரிக்கு வருடம் 25,000 ரூபாய் பீஸில் கழியும். நாலு வருடத்துக்கு ஒரு லட்சம். அவர் தரும் தள்ளுபடி பெரும்பாலும் முதல் வருடத்தோடு சரி. அதே காலேஜ், அதே கிளாஸ் ரூம், அதே பஸ் கவுன்சலிங்கிலும் கிடைக்கக்கூடும் என்பது பல பேருக்குத் தெரிவதில்லை.

இன்னொன்று. "சீட்டை ஹோல்ட் பண்ண ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. கொடுங்க" என்றால் கொடுக்க வேண்டாம். சரிபார்க்க மட்டும்தான் ஒரிஜினல். அதைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. விதியே இருக்கிறது.

முதல் பட்டதாரி சர்டிபிகேட் யாருக்குக் கிடைக்கும்? எங்க பெரியப்பா பையன் இன்ஜினியருங்க.

பெரியப்பா மகன், சித்தப்பா, அத்தை, மாமன் யாரும் கணக்கில் வர மாட்டார்கள். பார்ப்பது அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள், அப்பா வழித் தாத்தா பாட்டி, அம்மா வழி அப்புச்சி அம்மாயி. இவர்களில் ஒருவரும் டிகிரி முடித்திருக்கக் கூடாது. அப்பா தபால் வழியில் பி.ஏ. முடித்திருந்தால் அதுவும் டிகிரிதான், மறைக்கப் பார்க்காதீர்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா ஏற்கெனவே வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை.

வருமான வரம்பு கிடையாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்களுக்குத் தோட்டங்காடு இருக்குது, எப்படிக் குடுப்பாங்க?" என்று கேட்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் நிறைய. பத்து ஏக்கர் தென்னை இருந்தாலும் வீட்டில் பட்டதாரி இல்லையென்றால் விண்ணப்பிக்கலாம்.

இந்தச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேரும் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் மாதிரியான தொழிற்படிப்புகளுக்கு. பி.காம்., பி.எஸ்சி. சேர்கிறவர்கள் இதற்காக அலைய வேண்டாம்.

விண்ணப்பிப்பது இ-சேவை மையத்தில். ஆர்இவி-104 என்று கேட்டால் அவர்களே எடுத்துப் போடுவார்கள். கட்டணம் 60 ரூபாய். குடும்பத்தாரின் டி.சி. அல்லது படிப்பு விவரம், ரேஷன் கார்டு, உறுதிமொழிப் படிவம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். கவுன்சலிங் பதிவு நடக்கும்போது தாலுகா ஆபீஸில் கூட்டம் நிற்க இடமிருக்காது. ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள்.

என்ற பையன் ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூலுங்க. அவனுக்குத் தனியா ஏதாச்சும் இருக்குதுங்களா?

இருப்பதிலேயே பெரிய உதவி அவனுக்குத்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனியாக 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021-லும் சட்டமானது. இந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு ஏற்கிறது. வருமானம் கேட்பதில்லை.

விண்ணப்பத்தில் ஒவ்வொரு வகுப்பும் எந்தப் பள்ளி என்று கேட்கும். தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாவது வரை படித்து, ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் வருவார்கள். சாதாரணமாகப் பீஸ் கட்டி மெட்ரிக்கில் படித்துவிட்டு பதினொன்றாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி வந்தால் வராது. ராசிபுரம், திருச்செங்கோட்டு ஹாஸ்டல் பள்ளிகளில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வைத்தவர்கள் இப்போது அரசுப் பள்ளிக்காரனைப் பார்த்துப் பொறாமைப்படுகிற காட்சியும் நம் ஊரில் உண்டு.

மாசம் ஆயிரம் ரூபாய்னு சொல்றாங்களே, அது பொட்டப்புள்ளைங்களுக்கு மட்டுந்தானுங்களா?

இருபாலருக்கும் உண்டு. பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் கோவையில்தான் தொடங்கினார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். டிகிரி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

இதற்குத் தாலுகா ஆபீஸ் போக வேண்டியதில்லை. சேர்ந்த கல்லூரியே, மாணவர் விவரம் பதியும் அரசுத் தளமான யூமிஸில் ஏற்றும். கல்லூரியில் இதற்கென்று ஒரு நோடல் அலுவலர் இருப்பார். அவர் யார் என்று முதல் வாரமே கேட்டு வைத்துக்கொள்.

எல்லாருக்கும் ஆயிரம் வந்திருச்சு, எனக்கு மட்டும் வரலைங்க. ஏன்?

பெரும்பாலும் பேங்க் கணக்குச் சிக்கல். பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, ஆதாரைப் பார்த்துப் போகிறது. ஆதாரோடு எந்த வங்கி கடைசியாக இணைந்திருக்கிறதோ அங்கே விழும்.

திருப்பூர்ப் பக்கம் இது எப்படி நடக்கிறது பாருங்கள். பரீட்சை முடிந்து லீவில் ஒரு பிள்ளை பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போகும். கம்பெனி சம்பளத்துக்கு ஒரு வங்கியில் கணக்கு தொடங்கி ஆதாரை இணைத்துவிடும். ரெண்டு மாதத்தில் வேலையை விட்டுக் காலேஜ் சேர்ந்துவிடும். ஏ.டி.எம். கார்டு எங்கே கிடக்கிறதென்றே தெரியாது. உதவித்தொகை மாதாமாதம் அந்தக் கணக்கில் விழுந்துகொண்டே இருக்கும். பிள்ளையோ பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பாஸ்புக்கை என்ட்ரி போட்டுப் போட்டுப் பார்த்து அழும்.

ஆதார் இணையதளத்தில் "பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்" என்று ஒன்று இருக்கிறது. செல்லுக்கு வரும் ஓ.டி.பி. போட்டால் எந்த வங்கி என்று காட்டும். அது நீங்கள் நினைக்கிற வங்கி இல்லையென்றால், வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் "என்.பி.சி.ஐ. மேப்பிங் இங்கே மாற்றிக் கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வெறுமனே "ஆதார் லிங்க் பண்ணுங்க" என்றால் கே.ஒய்.சி. மட்டும் செய்து அனுப்பிவிடுவார்கள். கே.ஒய்.சி. அடையாளச் சரிபார்ப்பு, மேப்பிங் என்பது பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்ற பதிவு. இரண்டும் வேறு வேறு.

வருமானச் சான்று எவ்வளவுக்கு வாங்கறதுங்க?

இருக்கிற வருமானத்துக்கு. இந்தக் கேள்வி ஏன் வருகிறதென்று தெரியும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு காலத்தில் 72,000 ரூபாய் வரம்பாக இருந்ததால், ஊரே அந்தத் தொகைக்குச் சான்று வாங்கிப் பழகிவிட்டது. உதவித்தொகைக்கு அவ்வளவு குறைவு தேவையே இல்லை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. துறை உதவித்தொகைகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் வரை. மத்திய அரசு பெண்களுக்குத் தரும் பிரகதி உதவித்தொகைக்கு 8 லட்சம் வரை. கல்விக்கடன் வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம் வரை.

லாரிக்கோ வீட்டுக்கோ கடன் வாங்க ஐ.டி. ரிட்டர்ன் போட்டிருப்பீர்கள். அதில் ஆறு லட்சம், சான்றிதழில் எழுபத்திரண்டாயிரம் என்று இருந்தால், கல்விக்கடனுக்கு இரண்டையும் ஒன்றாக நீட்டும்போது மேனேஜர் முகம் மாறும். நாமக்கல், சங்ககிரிப் பக்கம் இது வழக்கமான தகராறு.

வருமானச் சான்று ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். சாதிச் சான்று ஒரு தடவை வாங்கினால் போதும்.

நாங்க கவுண்டருங்க. எங்களுக்கெல்லாம் ஸ்காலர்ஷிப் வராதாமா?

யார் சொன்னது? கொங்கு வேளாளர் தமிழ்நாட்டுப் பட்டியலில் பி.சி. அரசு, அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் மூன்று வருட டிகிரி படிக்கும் பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் இருக்கிறது. அதற்கு வருமான நிபந்தனையும் இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால்தான் 2.5 லட்சம் வரம்பு. விண்ணப்பம் கல்லூரி வழியாக.

சும்மா ஒரு வார்த்தை. கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. மாதிரி அரசுக் கல்லூரிகளில் வருடத்துக்கே சில ஆயிரம்தான் செலவு. அங்கே பி.காம். கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு, "கேம்பஸ் நல்லா இருக்குது" என்று வருடம் எண்பதாயிரம் கட்டுவது உங்கள் விருப்பம். பிறகு உதவித்தொகை தேடி அலைவதைவிட, ஆன்லைனில் அரசுக் கல்லூரி விண்ணப்பத்தை முதலில் போடுவது லேசு.

நாங்க எஸ்.சி.ங்க. பீஸ் அரசாங்கமே கட்டும்னாங்க. காலேஜ்ல முழுசாக் கட்டுன்னு சொல்றாங்க.

குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்து, கவுன்சலிங் அல்லது மெரிட் சீட்டில் சேர்ந்திருந்தால், திரும்பப் பெற முடியாத கட்டாயக் கட்டணங்களைப் போஸ்ட் மெட்ரிக் திட்டம் ஏற்கிறது. முன்கூட்டியே கட்டாமல் சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடும் விதிமுறையில் உண்டு. கல்லூரி மறுத்தால் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவும் நகரவில்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள் இருக்கிறது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் மாநில அரசு இதே உதவியைத் தருகிறது.

பணம் வருகிற விதம் மாறியிருப்பதால்தான் கல்லூரிகள் நெருக்குகின்றன. மத்திய அரசு பங்கான 60 சதவீதம் இப்போது நேராக மாணவர் கணக்குக்கு வருகிறது. வந்ததும் எடுத்துக் கல்லூரிக்குக் கட்ட வேண்டியது மாணவர் பொறுப்பு. அந்தக் கணக்கிலேயே குழுக் கடன் தவணையோ வண்டித் தவணையோ ஆட்டோ டெபிட் இருந்தால், பீஸ் பணம் வந்த அன்றே காணாமல் போகும். பிறகு ஹால் டிக்கெட் தர மாட்டேன் என்பார்கள். உதவித்தொகைக்கென்று பிள்ளை பெயரில் தனிக் கணக்கு வையுங்கள். வேறெதற்கும் அதைத் தொடாதீர்கள்.

மத்திய அரசு ஸ்காலர்ஷிப்புன்னா என்னென்னங்க?

இரண்டைச் சொல்கிறேன், இரண்டுக்கும் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில்தான் விண்ணப்பம். பிளஸ் டூவில் மாநிலத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் மார்க் வாங்கி, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் இளங்கலைக்கு வருடம் 12,000 ரூபாய். இன்னொன்று பிரகதி. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற டிகிரி, டிப்ளமோ சேரும் பெண்களுக்கு வருடம் 50,000. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை வாங்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு இதே தொகை சக்ஷம் என்ற பெயரில். வேறு உதவித்தொகையோடு சேர்த்து வாங்க முடியாது என்பதால் எது பெரிதென்று பார்த்துப் போடுங்கள்.

அம்மிணிகளே, பிரகதியைச் சீண்டாமல் விடாதீர்கள். பாலிடெக்னிக் பெண்களில் பல பேருக்கு இந்தப் பெயரே தெரியாது.

அப்பா தறி ஓட்டறார், அம்மா சித்தாள் வேலை. அதை வெச்சு ஏதாச்சும்?

நல வாரிய அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானம், விசைத்தறி, கைத்தறி, ஓட்டுநர் எனத் தனித்தனி வாரியங்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. விவசாயிகளுக்கும் கூலிகளுக்கும் உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை. மில், கம்பெனியில் தொழிலாளர் நல நிதி பிடித்தால் அந்த வாரியத்தில் தனி உதவித்தொகை. தொகை சிறியது, புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். அட்டை புதுப்பிக்காமல் கிடந்தால் ஒன்றும் வராது.

கல்விக்கடனுக்கு நகை, பத்திரம் வைக்கோணுமுங்களா?

4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த அளவுக்கு நம் பங்காக முன்பணமும் கட்ட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை கடன் உத்தரவாத நிதி இருப்பதால் அடமானம் இல்லாமலே தரலாம். அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பிக்கும். 15 வருடம் வரை கட்டலாம்.

தவணை இல்லை என்பதற்காக வட்டி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வருடம் ஒரு லட்சம் வீதம் நாலு வருடம், பத்து சதவீத வட்டிக்கு வாங்குவதாக வைப்போம். தனி வட்டிதான். தவணை தொடங்கும்போது முதல் லட்சத்துக்கு ஐம்பதாயிரம், அடுத்ததற்கு நாற்பது, முப்பது, இருபது ஆயிரம் என்று மொத்தம் 1,40,000 வட்டி ஏறியிருக்கும். நாலு லட்சம் 5,40,000 ஆகி நிற்கும். 15 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 5,800 ரூபாய். முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வாருங்கள், அதற்கு ஒரு சதவீதம் வரை வட்டி குறைக்கும் வங்கிகள் உண்டு.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்படிப்பு படித்தால், அந்த இடைக்கால வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றைக் கொடுத்து "வட்டி மானியத்தில் சேருங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்காதவர்களுக்கு வங்கி தானாகச் செய்து தரும் என்று நம்பாதீர்கள். 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி, தேசியத் தரவரிசையில் முன்னே நிற்கும் நிறுவனங்களில் மெரிட்டில் சேர்ந்தவர்களுக்கு. 8 லட்சம் வருமானம் வரை, 10 லட்சம் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. கோவையிலேயே அந்தப் பட்டியலில் நிறுவனங்கள் இருக்கின்றன, சேரும் முன் பாருங்கள்.

இதெல்லாம் பெரிய பாடு என்று ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நூற்றுக்கு மாதம் ரெண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

மேனேஜர் "எங்க ஏரியா இல்லை, உங்க சிபில் சரியில்லை"ன்னு திருப்பி அனுப்பறாருங்க.

ஏரியா இல்லை என்று கல்விக்கடனை மறுக்கக் கூடாது. சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் மதிப்பெண், நிஜமான சிக்கல். பழைய நகைக்கடன், பயிர்க்கடன், வண்டிக்கடன் நிலுவையில் இருந்தால் முதலில் அதை முடித்து, முடித்த கடிதம் வாங்குங்கள். அப்பாவுக்குச் சரியில்லையென்றால் அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகப் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பம் போட்டால் எண் வரும், மறுத்தால் காரணத்தோடு பதிவாகும். அந்தக் காரணத்தை எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடமோ, கலெக்டர் நடத்தும் கல்விக்கடன் முகாமுக்கோ போகலாம். முகாமில் எல்லா வங்கியும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும். அங்கே "அந்தக் கிளைக்குப் போங்க" என்று சொல்ல முடியாது. அதன் பிறகும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம், செலவு கிடையாது.

ஹாஸ்டலுக்கு?

அரசு விடுதியில் தங்க, சாப்பிட இலவசம். இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர். பி.சி., எம்.பி.சி. விடுதியில் வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பையன்களுக்கு வீட்டிலிருந்து கல்லூரி 8 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், பெண்களுக்குத் தூரக் கணக்கு இல்லை.

"உங்களுக்கு ஸ்காலர்ஷிப் சேங்ஷன் ஆயிருச்சு, க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணுங்க"ன்னு போன் வருதுங்க.

மோசடி. வைத்துவிட்டு 1930-க்குச் சொல்லுங்கள். பிள்ளை பேரும் பள்ளி பேரும் சரியாகச் சொல்கிறானே என்று மயங்காதீர்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்.

ஒருக்கா வாங்கிட்டா அடுத்த வருசம் தானா வந்துருமுங்களா?

முதல் பட்டதாரிச் சலுகையைக் கல்லூரியே வருடாவருடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளும். மற்றவை அப்படியில்லை. மத்திய உதவித்தொகைக்குப் போர்ட்டலில் புதுப்பித்தல் போட வேண்டும், வருகையும் தேர்ச்சியும் பார்ப்பார்கள். துறை உதவித்தொகைக்கு யூமிஸில் விவரம் சரியாக இருக்கிறதா என்று கல்லூரி ஆபீஸில் ஜூன், ஜூலையிலேயே பார்த்துவிட்டு, காலாவதியான வருமானச் சான்றுக்குப் புதிது கொடுங்கள். ஆபீஸ் கிளார்க் "அப்புறம் வாங்க" என்றால் எப்போது என்று தேதி கேட்டுக்கொண்டு வாருங்கள்.